கேமராவுக்குக் கண் இருக்கு... காது இருக்கா? பழவேற்காட்டு மீன் வண்டிக்கு வரும் 1000 ரூபாய் சலான்!

(நமது நிருபர்)

ஹெல்மெட் போடவில்லை. படம் பிடித்தாகி விட்டது. 1000 ரூபாய் கட்டு!

செல்போனில் 'டிங்' என்று ஒரு சத்தம். வருகிற தகவலின் சாரம் அவ்வளவுதான். போலீஸ்காரர் விசில் ஊதவில்லை. கையைக் காட்டி ஓரங்கட்டச் சொல்லவில்லை. "எங்கேய்யா போறே, இன்னா அவசரம்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் கேமரா, கண்ணை ஒரு சிமிட்டு சிமிட்டி வேலையை முடித்து விட்டது!

சென்னையில் கார் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். ஆனால் பழவேற்காட்டில் இருந்து ஐஸ் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு மீன் கொண்டு வருகிற ஏழைக்கு, இந்த 'டிங்' சத்தம் வயிற்றைக் கலக்கும்.

கேமரா போடும் அபராதம் நியாயமா, அநியாயமா? பஸ்சிலும் ரெயிலிலும் டீக்கடையிலும் அடிபடும் கேள்வி இது. இரண்டு பக்கத்தையும் பார்த்து விடுவோம்.

விடியுமுன் ஓட்டம்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி இதுதான். கடலும் ஏரியும்தான் சுற்றுவட்டாரக் குப்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

இறாலும் நண்டும் மடவையும் கரைக்கு வந்தால் மட்டும் போதாது. வெயில் ஏறுமுன் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஐஸ் கரைந்தால் விலையும் கரையும்! அதனால்தான் இந்த ஓட்டம்.

ஒரு வழி பொன்னேரி, தச்சூர், செங்குன்றம் என்று ஜி.என்.டி. ரோட்டைப் பிடிக்கிறது. இன்னொரு வழி மீஞ்சூர், மணலி புதுநகர் என்று வடசென்னைக்குள் நுழைகிறது. குப்பத்து ரோட்டில் மாடு குறுக்கே வந்தால்தான் பிரேக். பட்டணத்துக்குள் நுழைந்தாலோ சிக்னல், வெள்ளைக் கோடு, கேமரா!

மாமூல் கேட்காத காவலாளி

கேமராவைத் திட்டுவதற்கு முன்னால் அதன் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும்.

கேமரா மாமூல் கேட்காது. "எங்க மாமா யாரு தெரியுமா?" என்றால் பயப்படாது. காரில் வருகிறவனுக்கு சல்யூட், மொபெட்டில் வருகிறவனுக்கு அதட்டல் என்ற பேதம் அதற்குக் கிடையாது. ராத்திரி 2 மணிக்கும் தூங்காது. நடுரோட்டில் நாலு பேர் பார்க்க "இறங்குடா" என்று மானத்தை வாங்காது. பெட்டியைத் திறக்கச் சொல்லி, நல்ல இறாலாக நாலு பொறுக்கிக் கொள்ளாது!

இன்னொன்றும் உண்டு. மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். இதில் ஹெல்மெட் போடாமல் போய் உயிரை விட்டவர்கள் 50,029 பேர். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். 17,884 பேர் பலி. விபத்து எண்ணிக்கையில் நம்ம மாநிலத்துக்குத்தான் அந்த ஆண்டு முதல் இடம்!

புயலிலும் சுழலிலும் தப்பித்துக் கரையேறியவன், தார் ரோட்டில் மண்டை உடைந்து சாவதா? ஹெல்மெட் வேண்டும். சிக்னலுக்கு நிற்க வேண்டும். அதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

ரோட்டில் ஒழுங்கைக் கொண்டு வாருங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு படியேறியவர் ஒரு தமிழர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோவை கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு சிகிச்சை டாக்டர் எஸ்.ராஜசேகரன். விபத்தில் நொறுங்கிய எலும்புகளை ஒட்டி ஒட்டிப் பார்த்தவர், 2012-ல் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில்தான் 2024 செப்டம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, மின்னணு கண்காணிப்புச் சட்டத்தை மாநிலங்கள் அமலுக்குக் கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆக, கேமரா இனி குறையப் போவதில்லை. கூடத்தான் போகிறது.

எப்படிப் பிடிக்கிறது?

சென்னை அண்ணாநகர் பக்கத்துச் சந்திப்புகளில் 2019-ல் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள் வந்தன. அவை வேலை செய்யும் விதம் இதுதான்:

சிவப்பு விளக்கு எரியும்போது வெள்ளைக் கோட்டை ஒரு வண்டி தாண்டுகிறது. கேமரா அடுத்தடுத்துப் படம் பிடிக்கிறது. படத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டைக் கம்ப்யூட்டர் எழுத்து எழுத்தாகப் படிக்கிறது. அந்த நம்பர் யார் பெயரில் பதிவாகி இருக்கிறது என்று சர்க்கார் கணக்கில் தேடுகிறது. அதில் இருக்கும் செல்போன் நம்பருக்குச் சலான் பறக்கிறது.

வேகத்தைப் பிடிக்கும் ரேடார் கேமரா வேறு ரகம். அது ஓர் அலையை வண்டி மேல் வீசும். முட்டித் திரும்பும் அலையில் ஏற்படும் மாற்றத்தை வைத்து மணிக்கு எத்தனை கிலோ மீட்டர் என்று கணக்குப் போடும். ஹெல்மெட், செல்போன் பேச்சு இவற்றைப் பிடிக்கும் கேமராவோ, படத்தைப் பார்த்து "தலையில் ஏதோ இருக்கு, காதில் ஏதோ இருக்கு" என்று ஊகிக்கிறது.

இதில் எந்த இடத்திலும் ஓட்டியவனை அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் நம்பர் பிளேட் ஒன்றுதான். கோளாறு ஆரம்பிப்பதும் அங்கேதான்!

8 என்பது 3 ஆனால்?

மீன் வண்டி என்றாலே உப்புத் தண்ணீர்தான். பெட்டியில் இருந்து சொட்டிச் சொட்டி நம்பர் பிளேட் துருவேறி விடும். எழுத்து அரைகுறையாகத் தெரியும். 8 என்பது 3 போலத் தெரிந்தால் போச்சு! பழவேற்காட்டில் செய்த தப்புக்குப் பல்லாவரத்து ஆசாமி பணம் கட்ட வேண்டி வரலாம். பல்லாவரத்துத் தப்பு பழவேற்காட்டுத் தலையிலும் விடியலாம்.

அடுத்தது, கை மாறிய வண்டி. குப்பங்களில் புது மொபெட் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? மச்சான் ஓட்டி, சித்தப்பா ஓட்டி, பக்கத்துக் குப்பத்துக்காரருக்குக் கொடுத்த வண்டிகள் எத்தனை! பணம் கை மாறும், சாவி கை மாறும். ஆர்.சி. புக்கில் பெயர் மட்டும் மாறாது. தப்பு செய்தவர் ஒருவர், சலான் போவது இன்னொருவருக்கு.

இதில் சட்டம் ரொம்பக் கறார். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. "நான்தான் எப்பவோ வித்துட்டேனே சார்" என்றால் எடுபடாது.

மூன்றாவது, செல்போன் நம்பர். வண்டி வாங்கும்போது கொடுத்த நம்பர் எப்போதோ தொலைந்திருக்கும். சிம் கார்டு வேறு யாரிடமோ போயிருக்கும். சலான் வந்ததே தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தம் இல்லாமல் சேர்ந்து கொண்டே போகும். பெயர் மாற்றவோ வேறு வேலைக்கோ ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும் அன்றைக்குத்தான் மொத்தக் குண்டும் வெடிக்கும்!

பழைய முறையில் தப்பு செய்த நிமிஷத்திலேயே போலீஸ்காரர் பிடித்தார். பிடிபட்டவன் மறுநாள் உஷாராக இருந்தான். மாசக்கணக்கில் கழித்துத் தெரிகிற அபராதம் யாரைத் திருத்தும்?

நின்ற கார் ஓடியதாம்!

மெஷின் பொய் சொல்லாது என்கிறவர்கள் சில வெளிநாட்டுச் சங்கதிகளைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். 2012-ம் ஆண்டு. சிவப்பு விளக்குக்கு மரியாதையாக நின்று கொண்டிருந்த ஒரு காருக்கு, மணிக்கு 38 மைல் வேகத்தில் போனதாக அபராத நோட்டீஸ்! அந்த ஊர்ப் பத்திரிகை கிளறியது. கேமராக் கணக்கே சந்தி சிரித்தது. அடுத்த ஆண்டு நகர நிர்வாகம் வேகக் கேமராக்களை நிறுத்தி வைத்தது.

அதே அமெரிக்காவில் சிகாகோ நகரம். மஞ்சள் விளக்கு குறைந்தது 3 வினாடி எரிய வேண்டும். 2.9 வினாடியிலேயே சிவப்பாகி விட்டது என்று சொல்லக்கூடிய சலான்களையும் 2014-ல் தள்ளி விட்டார்கள். நகரத் தணிக்கை அதிகாரி கணக்குப் பார்த்தபோது 77 ஆயிரம் சலான்கள், 77 லட்சம் டாலர்! வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கு இவ்வளவு காசு. அதே ஊரில் கேமரா கான்டிராக்டில் லஞ்சம் வாங்கிய முன்னாள் அதிகாரி ஒருவருக்கு 2016-ல் 10 ஆண்டு ஜெயில். கேமரா லஞ்சம் வாங்காதுதான். கேமரா வாங்குகிற இடத்தில் விளையாடி விட்டார்கள்!

நெதர்லாந்து நாட்டில் 2023-ல் ஒருவர் காரை ஓட்டிக்கொண்டே தலையைச் சொறிந்தார். செல்போன் பேசுகிறார் என்று கேமரா முடிவு கட்டி விட்டது. அபராதம் 380 யூரோ! கையில் போனே இல்லை.

இப்படி எல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. ஆயிரம் படத்தில் ஒன்று தப்பாகப் போனாலும், அந்த ஒன்றில் மாட்டிக் கொண்டவனுக்கு அது ஒன்றே முழுசு.

யாருக்கு வலிக்கிறது?

சரி, கேமரா சரியாகவே பிடித்தது என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் ஏறின. ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1000 ரூபாய் ஆனது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் போடாவிட்டால் அதற்கும் 1000. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5 ஆயிரம்.

சொகுசுக் காரில் போகிறவருக்கு 1000 ரூபாய் ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாடு. குப்பத்துக்காரருக்கு? வலை வெறுமனே வருகிற நாள் உண்டு. புயல் சின்னம் என்றால் படகே இறங்காது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்.

அந்த 61 நாளைக்குத் தமிழக அரசு கொடுத்த நிவாரணம் 5 ஆயிரமாக இருந்து, 2023-ல் 8 ஆயிரம் ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. கணவன் ஓட்ட, மனைவி கூடையோடு பின்னால் உட்கார, இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை என்றால் ஒரே படத்துக்கு 2 ஆயிரம். இரண்டு மாசத்துக் குடும்ப நிவாரணத்தில் கால் பங்கு காலி!

பின்லாந்து நாட்டில் வேறு மாதிரிச் சட்டம். அங்கே பெரிய வேகக் குற்றத்துக்கு அபராதம் வருமானத்தைப் பார்த்துத்தான். 50 கிலோ மீட்டர் வேக எல்லையில் 82-ல் போன ஒரு கோடீஸ்வரருக்கு 2023-ல் போட்ட அபராதம் 1,21,000 யூரோ. நம்ம காசில் ஒரு கோடிக்கு மேல்! இருக்கிறவனுக்கும் வலிக்க வேண்டும், இல்லாதவன் ஒழிந்து போகவும் கூடாது என்பது அந்த ஊர்க் கணக்கு. நம்ம ஊரில் திமிங்கலத்துக்கும் நெத்திலிக்கும் ஒரே கண்ணி வலை!

ஏரியில் இருக்கு பாடம்

நியாயமான கட்டுப்பாடு என்றால் எப்படி இருக்க வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவுக்கும் பின்லாந்துக்கும் போக வேண்டாம். பழவேற்காடு ஏரிக்கே போகலாம்.

அங்கே 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. கடல் தண்ணீர் வந்து போகும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் நல்ல பாடு. எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் உரிமை உள்ளவர்கள் கூடிச் சீட்டுக் குலுக்கி இடத்தையும் முறையையும் பிரித்துக் கொள்வார்கள். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. முறை தவறி வலை போட்டால் ஊர் கேட்கும். தெண்டமும் உண்டு.

கவனியுங்கள். சீட்டு எல்லார் கண் முன்னாலும் குலுக்கப்படுகிறது. எது யார் இடம் என்பது முன்கூட்டியே தெரிகிறது. தவறியவனைக் கூப்பிட்டு, "ஏம்பா, முறை தப்பி ஏன் வலை கட்டினே?" என்று கேட்கிறார்கள். "காத்து தள்ளிக்கினு போச்சு அண்ணே" என்று அவன் சொல்ல இடம் இருக்கிறது. கேட்ட பிறகுதான் தெண்டம்.

பாடு முறை பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. உரிமை இல்லாதவர்கள், "எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டுச் சண்டை வந்த காலமும் உண்டு. ஊர்விலக்கு மாதிரி தண்டனைகளைக் கோர்ட்டு ஏற்பதும் இல்லை. ஆனாலும் அங்கே ஒன்று இருக்கிறது, கம்பத்துக் கேமராவிடம் அது இல்லை. காது!

ஆம்புலன்சுக்கு வழி விடலாமா?

ஓர் உதாரணம். சிவப்பு விளக்கு. மொபெட் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறது. பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது. "நகருப்பா, நகரு" என்று நாலு பேர் கத்துகிறார்கள். மொபெட்காரர் கோட்டைத் தாண்டி ஓரம் ஒதுங்குகிறார். ஓர் உயிர் பிழைக்கிறது. கேமராவோ கோட்டைத் தாண்டிய சக்கரத்தை மட்டும் பார்க்கிறது!

இன்னொரு உதாரணம். நடு ராத்திரியில் மகளுக்குப் பிரசவ வலி. மொபெட்டில் நடுவில் மகள், பின்னால் தாங்கிப் பிடித்தபடி அம்மா. மூன்று பேர்! ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர் என்ன செய்வார்? நல்லவராக இருந்தால், "சீக்கிரம் போய்யா, பார்த்துப் போ" என்று விடுவார். ரொம்ப நல்லவராக இருந்தால் ஓர் ஆட்டோவைப் பிடித்து ஏற்றி விடுவார். கேமரா? "மூன்று தலை. 1000 ரூபாய்!"

கேரளத்தில் இப்படி ஒரு சிக்கல் வந்தது. 726 கேமராக்களை நிறுத்தி 2023 ஜூன் 5-ந் தேதி முதல் அபராதம் போட ஆரம்பித்தார்கள். அப்பா, அம்மா, நடுவில் ஒரு குழந்தை என்று ஸ்கூட்டரில் போகும் ஏழைக் குடும்பம் என்ன செய்யும் என்று ஜனங்கள் கேட்டார்கள். 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மூன்றாவது ஆளாகக் கணக்கிட்டு இப்போதைக்கு அபராதம் போட மாட்டோம் என்று அந்த மாநில போக்குவரத்து மந்திரி அறிவித்தார். மத்திய அரசுக்கும் எழுதினார்கள். மந்திரிக்குக் காது இருந்தது, அதனால் கேட்டது.

சென்னையிலும் நடந்தது இது. 2023 ஜூனில் ரேடார் கருவிகளை வைத்து, பகலில் 40, இரவில் 50 கிலோ மீட்டருக்கு மேல் போனால் அபராதம் என்று சொன்னார்கள். "சைக்கிளா ஓட்டுறோம்?" என்று ஊரே கொதித்தது. போலீசார் மறுபரிசீலனை செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் புது வரம்பு வந்தது. காருக்கு 60, மோட்டார் சைக்கிளுக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் எல்லாருக்கும் 30. கருவி மாறவில்லை. அளவுகோல் மாறியது. ஜூனில் குற்றமாக இருந்த 45, நவம்பரில் குற்றம் இல்லை!

சட்டம் சொல்வது என்ன?

கேமரா எப்படி வேண்டுமானாலும் அபராதம் போடலாம் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 136ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதையொட்டி 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 167ஏ என்ற விதியைக் கொண்டு வந்தது. அந்த விதி போட்ட நிபந்தனைகள் வருமாறு:

* கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

* இங்கே கேமரா இருக்கிறது என்று முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். வேக வரம்பும் தெரிய வேண்டும்.

* குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

* சலானோடு, குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் இருக்க வேண்டும். தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்ற விவரம் வேண்டும். கருவி அளந்த அளவையும் காட்ட வேண்டும்.

* மின்னணு சாட்சியத்துக்கான சான்றும் இணைக்க வேண்டும்.

* வழக்கு முடியும் வரை பதிவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் ஒன்று யோசியுங்கள். படம் சரியில்லை, தேதி சரியில்லை என்று ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்றால், செல்போனில் இணையதளம் திறக்கத் தெரிய வேண்டும். சலான் நம்பர் போட்டுப் படத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். இல்லை என்றால் ஒரு நாள் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டும். 1000 ரூபாய் சலானை எதிர்த்துப் போக வண்டிச் செலவு, நாள் வருமானம் எல்லாம் சேர்த்தால் எவ்வளவு? "தொலையுது சனியன், கட்டிடுவோம்" என்றுதான் தோன்றும். தப்பு செய்யாதவனும் கட்டி விட்டுப் போகிற இடத்தில் நியாயம் நொண்டுகிறது.

உஷார்! உஷார்!

வாசகர்கள் ஏமாறாமல் இருக்க சில யோசனைகள்:

வண்டியை விற்றால், ஃபாரம் 29, 30 கொடுத்து பெயரை மாற்றி விடுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சொந்தக்காரருக்கு விற்றாலும் சரிதான்.

ஆர்.சி. கணக்கில் இப்போதைய செல்போன் நம்பரைச் சேருங்கள்.

உப்பு அரித்த நம்பர் பிளேட்டை மாற்றுங்கள்.

சலான் வந்தால் உடனே பணம் கட்டி விடாதீர்கள். மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி நம்பர் போட்டு, படத்தை முதலில் பாருங்கள். உங்கள் வண்டிதானா? தேதி, இடம் சரியா? வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவார்கள்.

வாட்ஸ்அப்பில் 'சலான்' என்ற பெயரில் ஏதாவது செயலி வந்து, தொட்டு இறக்கிக் கொள்ளச் சொன்னால் தொடவே தொடாதீர்கள். மோசடிக் கும்பலின் கைவரிசை அது. தொட்டால் பேங்குக் கணக்கில் இருப்பது பூராவும் போய்விடும். ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஹெல்மெட் போடுங்கள். கேமராவுக்காக அல்ல, வீட்டில் காத்திருக்கிறவர்களுக்காக.

கவனிப்பார்களா?

கேமரா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டும். குடித்துவிட்டு லாரி ஓட்டுகிறவனையும், சிக்னலை மதிக்காமல் சீறிப் பாய்கிற காரையும் பிடிக்கட்டும். அப்படிப் பிடித்தால் முதலில் பிழைப்பது மொபெட்டில் போகிற மீன்காரர்தான்.

ஆனால் கண்ணை மட்டும் கம்பத்தில் வைத்தால் போதாது. காதையும் பக்கத்தில் எங்காவது வைக்க வேண்டும்.

பொன்னேரி, மீஞ்சூர் போன்ற ஊர்களில் வாரத்துக்கு ஒரு நாள், சலானோடு வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்க ஓர் அதிகாரி உட்காரலாம். படத்தைத் திரையில் போட்டுக் காட்டி, "இது உன் வண்டிதானா? ஏன் தாண்டினே?" என்று கேட்கலாம். ஞாயமான காரணம் இருந்தால் அங்கேயே ரத்து. இல்லை என்றால் கட்டச் சொல்லட்டும். மொத்தமாக முடியாதவர்களுக்குத் தவணை கொடுக்கலாம். முதல் தடவை மாட்டியவருக்கு எச்சரிக்கையோடு விடலாம். எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் பெரிசாக, இருட்டிலும் தெரியும்படி வைக்கலாம். மீன் வண்டி விடியுமுன்னே அல்லவா வருகிறது!

தெண்டம் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்பது, ஏரிக்கரைக் குப்பத்துக்குப் பழகிப் போன வழக்கம். கோடிக்கணக்கில் பணம் போட்டுக் கேமரா வாங்குகிற சர்க்காருக்கு, அந்தக் காசு செலவில்லாத வழக்கத்தைக் கற்றுக்கொள்வது கஷ்டமா?

அதிகாரிகள் கவனிப்பார்களா?